சொந்த டிராயிங்

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கத்தில், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் வெண்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கஸ்டமர் டிராயிங்தான் வேதம். அதில் உள்ள அளவுதான் அளவு. 'இப்படிச் செய்தால் இன்னும் நன்றாயிருக்குமே' என்று கை வைத்தால், மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். பல வருஷமாக இதிலேயே உழலும் எனக்கு, சினிமா இசையமைப்பாளரின் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான் என்று தோன்றும். காட்சி எத்தனை நொடி, எங்கே அழ வேண்டும், எங்கே வசனத்துக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் வேறொருவர் போட்ட கணக்கு.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஓயாமல் ஒலிக்கும் இளையராஜா, அப்படி 1,000 படங்களுக்கு மேல் செய்து கொடுத்தவர். 1976-ல் முதல் படம் 'அன்னக்கிளி'. அடுத்த பத்து வருஷத்தில் மூச்சுவிட நேரமில்லாத உச்சம். அந்த நெரிசலுக்கு நடுவில்தான், 1986-ல், எந்த இயக்குநரும் கேட்காத 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம் வந்தது. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் போக, நம் ராகங்கள் மேற்கத்திய ஃப்யூக் முறையில் ஒன்றையொன்று துரத்தும். பிறகு ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்', 2005-ல் திருவாசகத்துக்கு இசை, 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவோடு 'வேலியன்ட்' சிம்பொனி.

சொந்த இசைதான் உசத்தி, சினிமா வெறும் கூலி வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலு மகேந்திரா 'வீடு' படத்தின் பின்னணிக்கு 'ஹவ் டு நேம் இட்?' இசையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்துக்கென்றே போட்டது போல் உட்கார்ந்துவிட்டது. நொடிக்கணக்குக்குள் உணர்ச்சியை அடக்கப் பழகிய கைக்குத்தான் அந்தக் கட்டுக்கோப்பு வரும்.

சினிமாவுக்கும் தனக்காகவும் இசையமைத்த ஐஸ்லாந்தின் யோஹான் யோஹான்சனும் (1969–2018) இந்த ரகம். 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' படத்துக்குக் கோல்டன் குளோப் வாங்கியவர். அவருடைய அப்பா ஐபிஎம் கம்ப்யூட்டர்களைப் பராமரித்த என்ஜினியர். மெஷின் உமிழும் மின்காந்த அலைகளை ரேடியோவில் பிடித்து, மெட்டாக்கி, டேப்பில் பதிந்து வைத்திருந்தார். மகன் அந்த ஒலியோடு நரம்பிசைக் குழுவைச் சேர்த்து, 2006-ல் 'ஐபிஎம் 1401' ஆல்பத்தை வெளியிட்டார். 2008-ல் 'ஃபோர்ட்லாண்டியா'. ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் ரப்பருக்காக எழுப்பிய ஊர், தோற்றுப்போய்க் கைவிடப்பட்டது. ஆல்பத்தின் பெயர் அந்த ஊருடையது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-ல் மூடியதையும், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றதையும் பார்த்த நமக்கு அந்த இசைக்கு விளக்கவுரை தேவையில்லை.

எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷின் அடிக்கும் தாளமும், ஆளில்லாமல் சாமான் சுமக்கும் வண்டி பாடிக்கொண்டு போகும் மெட்டும் எங்களுக்கு இரைச்சல். ஆனால் லைனில் நிற்பவர்களின் பிள்ளைகளில் இசை படிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சினிமா வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், அதில் தொழில் பழகும். கூடவே, உங்கள் அப்பா அம்மா வேலை செய்த மெஷினின் சத்தத்தையும் பதிந்து வையுங்கள். அதற்கு யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.