லயத்து நாய்கள்

கெடா மாநிலத்தில் புக்கிட் செலம்பாவ் போன்ற தோட்டப்புறங்களில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தபோது, லயங்களும் ஒவ்வொன்றாக வெறுமையாயின. மக்கள் சுங்கைப்பட்டாணி முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தட்டுமுட்டுப் பொருள்கள் லாரியேறின, நாய் ஏறவில்லை. விடியுமுன் பால்மரக் காட்டுக்குத் துணைவந்ததும், இரவில் கோழிக்கூட்டைக் காத்ததும் அந்த நாய்தான். அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமேது?

கைவிடப்பட்ட பெட்டை, சினைப்பட்ட ஏறக்குறைய 63 நாளில் ஈனும். ஆண்டிற்கு இருமுறையும் ஈனக்கூடும். காப்பகங்கள் எத்தனை எழுப்பினும் நிரம்பிவிடுவது இதனாலன்றோ! 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கின்றது. பிறந்துகொண்டேயிருக்கும் குட்டிகளை அது என்செய்யும்? சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959இல் நிறுவிய புளூ கிராஸ், கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யும் நெறியை வற்புறுத்தியது. 2001இல் இந்திய அரசே அதனை விதியாக்கிற்று.

தோட்டம் கைம்மாறியபோது வீடும் இழப்பீடும் கேட்டவர்கள், அதே பேச்சில் ஒரு கால்நடை மருத்துவரையும் கேட்டிருக்கலாம்.