பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள்

அப்பா வைத்திருந்த மோட்டார் மோடனாஸ் கிரிஸ். 1996-ல் அந்த மாடல் வந்தபோது, நம் மலேசிய நாட்டு மோட்டார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் பெருமை. கேரித் தீவுச் செம்பனைக் காட்டுக்குள் பல வருடம் ஓடிய வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

சீட்டுத் துணி கிழிந்ததும் அவசரப்பட்டு ரெடிமேட் சீட் ஒன்றை வாங்கி மாட்டினேன். பளபளவென்று இருந்தது. ஆனால் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கெசாஸ் நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கடுத்துவிடும். கப்சாய் என்று நாங்கள் சொல்லும் இந்த வகை வண்டியில் பெட்ரோல் ஊற்ற ஒவ்வொரு தடவையும் சீட்டைத் தூக்கியாக வேண்டும். புதுச் சீட்டின் கொக்கியோ சரியாக உட்காரவில்லை. நல்லவேளை, பழைய சீட்டை அம்மா கொட்டகையில் எடுத்து வைத்திருந்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு பந்திங் சாலையோரத்துக் குஷன் கடைக்குப் போனேன். தகரக் கூரை, லாரி சீட்டுகள், எங்கும் பசை வாடை. கடைக்கார அண்ணன் சீட்டைக் கவிழ்த்து, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். துணியை உரித்து ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். விட்டதும் எழும்பியது.

"தம்பி, இது கம்பெனி ஸ்பாஞ்சு. அச்சுல ஊத்தி எடுத்தது. இன்னும் உயிரோட இருக்கு, இதப் போயி மாத்துவீங்களா?"

தொழிற்சாலையில் இரண்டு ரசாயனத் திரவங்களைக் கலந்து அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அது நுரைத்துப் பொங்கி, அடித்தட்டின் வளைவுக்கு ஏற்றபடி இறுகுகிறது. கடையில் கிடைக்கும் பலகை ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினால் அந்தப் பிடிப்பு வராது. விரலுக்கு மெத்தென்று இருப்பதைத்தான் நாம் சொகுசு என்று நினைக்கிறோம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த மெத்து அமுங்கிப்போய், எலும்பு தட்டில் இடிக்கும். நான் ஏமாந்தது இதில்தான்.

ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது பழுப்புத் தண்ணீர் வடிந்தது. தையல் ஓட்டை வழியாக இறங்கிய மழைநீர். இரண்டு நாள் நிழலில் காயவைத்தார். பிய்ந்திருந்த மூக்குப் பகுதியை மட்டும் கெட்டி ஸ்பாஞ்சு வைத்து ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தார். உட்காரும் இடத்தில் தையலே வராதபடி துணியை வெட்டினார்; அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்தார். துணியை வெயிலில் போட்டு இளக்கி, முதலில் மூக்கு, அப்புறம் வால், கடைசியாகப் பக்கங்கள் என்று இழுத்துப் பின் அடித்தார். நீளப் பின் அடித்தால் தட்டைத் துளைத்துவிடும், அந்த வழியாகவும் தண்ணீர் ஏறும் என்று குட்டைப் பின்னையே போட்டார். மூலைச் சுருக்கம் ஒன்று போகவில்லை. அடித்த பின்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி இழுத்தார். நான் கேட்கவே இல்லை.

அடித்தட்டு உடைந்திருந்தாலோ ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ புதுச் சீட் வாங்குங்கள். இல்லையென்றால் துணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்பாஞ்சைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, உங்கள் கையாலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.