ஒரே பொட்டியில் இரண்டு குடித்தனம்

முகப்பேர் மேற்கில் ஒரு வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு பழைய டெஸ்க்டாப் உட்கார்ந்திருக்கிறது. 2016-ல் வாங்கியது. காலையில் அது அப்பாவுக்கு, ராத்திரியில் மகளுக்கு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர். மகள் பி.காம். படிக்கிறாள். அப்பாவுக்கு விண்டோஸ் வேண்டும், ஏனென்றால் டேலி அதில்தான் ஓடும். மகள் பென் டிரைவ் வழியாக வன்தட்டில் ஒரு பகுதியைப் பிரித்து லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டாள். ஆக, ஒரே பொட்டியில் இரண்டு குடித்தனம்.

இரண்டு குடித்தனம் என்றால் சண்டை வராமல் இருக்குமா? முதல் சண்டை கடிகாரத்தில் வந்தது.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அப்பா கணினியைப் போட்டால், மூலையில் மணி 3.30 என்று காட்டுகிறது. போர்டில் இருக்கும் வட்டக்காசு பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து, கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டினார். மறுநாள் காலையும் அதே கதை! "ஏம்மா, உன் பெங்குவின் வந்ததுலேர்ந்துதான் இப்படி" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி.

விஷயம் இதுதான். கணினியை அணைத்தாலும் போர்டில் ஒரு சின்ன கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், காட்டும்போது நம் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். விண்டோஸோ அதில் இருப்பது உள்ளூர் நேரம்தான் என்று அப்படியே நம்பிவிடும். ராத்திரி லினக்ஸில் வேலை செய்து அணைத்தால், காலையில் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். விண்டோஸில் மணியைச் சரி செய்துவிட்டுப் போனால், சாயங்காலம் ஏழு மணிக்கு லினக்ஸில் நள்ளிரவு 12.30, தேதியும் நாளைக்கு! இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒரே கடிகாரத்தை இரண்டு விதமாகப் படிக்கின்றன, அவ்வளவுதான். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்து, 'நீயும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்' என்று சொன்னதும் பிரச்சினை தீர்ந்தது. பேட்டரிக் காசு தண்டம் :-)

கவனித்தால் தெரியும், விட்டுக்கொடுத்தது லினக்ஸ். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். விண்டோஸ் பகுதியில் இருக்கும் கோப்புகளை லினக்ஸ் திறந்து படிக்கும். லினக்ஸ் பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது, அப்படி ஒரு போர்ஷன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. விண்டோஸை அணைக்கும்போதும், சீக்கிரம் திறப்பதற்காக அது அரைத்தூக்கத்தில் போய்விடும் ஒரு வசதி உண்டு. அதை நிறுத்தாவிட்டால் லினக்ஸ் உள்ளே போய்ப் படிக்கலாம், எழுத முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், உலகம் முழுக்கப் பல இரட்டைக் கணினிகளில் லினக்ஸைத் திறக்கவே விடாமல் செய்துவிட்டது. முழுத் தீர்வு வர 2025 மே மாதம் ஆனது.

இரண்டாவது சண்டை பத்து விநாடிக்காக.

கணினியைப் போட்டதும் ஒரு கறுப்புத் திரையில் பட்டியல் வரும். எது வேண்டும் என்று பத்து விநாடிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் இருப்பது திறந்துகொள்ளும். முதலில் இருந்தது லினக்ஸ். அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போவார், திரும்பி வந்தால் பச்சை மின்ட் இலை. மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி காத்திருந்து... ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மகளே விண்டோஸை முதலில் வைத்துவிட்டாள். அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லினக்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கியவளே, அசதியில் பல ராத்திரி அந்தப் பத்து விநாடியைத் தவறவிட்டு, 'சரி, இன்னைக்கு இதுலயே பார்த்துக்கலாம்' என்று விண்டோஸிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

சும்மா இருந்தால் எது வருமோ அதுதான் ஜெயிக்கும். வீட்டில் மட்டுமல்ல, நாட்டிலும்!

இதே பரிசோதனையைத் தமிழ்நாடு அரசு லட்சக்கணக்கான வீடுகளில் செய்து பார்த்தது. முகப்பேரிலிருந்து இன்னும் மேற்கே போனால் திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று அங்கேதான் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்தது.

அப்படியிருந்தும், அந்த லேப்டாப்பை வாங்கியவர்களில் பாஸ் பக்கம் ஒரு தடவைகூடப் போகாதவர்கள் எத்தனையோ பேர். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பது எம்.எஸ். ஆபீஸும் டேலியும். வேலை விளம்பரத்தில் கேட்பதும் அதையேதான். அரசுப் பாடநூல்களிலேயே இந்த இரண்டு குடித்தனம் உண்டு. பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் புத்தகம் ஓப்பன் ஆபீஸ் சொல்லித் தருகிறது. பிளஸ் 2 கணக்குப்பதிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் டேலி! பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழியில் போனது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றி, பாடத்தையும் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். அங்கே மாணவனுக்குப் பத்து விநாடிப் பட்டியலே கிடையாது. இங்கே பட்டியல் இருந்தது, பட்டியலில் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்தான் இல்லை.

இதை 'மாறுவதற்கான செலவு' என்று சொல்லலாம். ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, புதுப் பொருளின் விலையைத் தவிர மற்றபடி ஆகும் செலவெல்லாம் இதில் சேரும். லினக்ஸின் விலை பூஜ்யம். மாறுவதற்கான செலவு பூஜ்யமில்லை. அது எவ்வளவு என்பது அந்த வீட்டுக்கு 2025 அக்டோபரில்தான் தெரிந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு என்றது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் அந்த 2016 பொட்டியில் இல்லை. அப்பா விசாரித்ததில் புதுசுக்கு நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பணம் மூன்று மாதமாக நிற்கிற நேரம் அது. "நல்லா ஓடுற மெஷினை எதுக்கும்மா தூக்கிப் போடணும்? லேத்துக்கு இருபது வயசாச்சு, ஓடலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"லினக்ஸுக்கே மாறிடலாம்பா" என்றாள் மகள். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு எழுத லினக்ஸில் க்னூகேஷ் இருக்கிறது, இலவசம். ஆனால் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து அப்பாவின் எட்டு வருட வரவு செலவு டேலியில் இருக்கிறது. ஆடிட்டர் கேட்பதும் டேலி பேக்கப்தான். ஐம்பது வயதுக்கு மேல் அப்பா தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட குறுக்கு விசைகளும் டேலியுடையவை. அவர் மட்டும் மாறினால் போதாது, ஆடிட்டரும் மாற வேண்டும். ஆடிட்டர் மாற அவருடைய மற்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் மாற வேண்டும்! டேலியை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து பிரவுசரில் ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் அந்த வாடகை நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் குடித்தனக்காரர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். விண்டோஸுக்கு டேலி மட்டும். பொதுவாக இணையத்தைத் துண்டித்தே வைத்திருப்பது. டேலியில் தயாராகும் ஜி.எஸ்.டி. கோப்பை இருவருக்கும் பொதுவான ஒரு பகுதியில் சேமித்துவிட்டு, லினக்ஸில் திறந்து, அங்கிருந்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றுவது. மெயில், வங்கி, பாட நோட்ஸ், தமிழ் தட்டச்சு எல்லாம் லினக்ஸில். வாரா வாரம் டேலி பேக்கப் ஒரு பென் டிரைவில். நாற்பதாயிரம் செலவு இப்போதைக்குத் தள்ளிப்போனது. எத்தனை வருடத்துக்கு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மகள் இன்னொரு காரியமும் செய்தாள். எதுவும் தானாகத் திறந்துகொள்ளாதபடி அந்தப் பத்து விநாடிக் கணக்கையே எடுத்துவிட்டாள். யாராவது வந்து அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டும்வரை கறுப்புத் திரை அப்படியே காத்திருக்கும். முதல் நாள் அப்பா முணுமுணுத்தார். இப்போது காபியோடு வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு பில் போடணுமா, மெயில் பார்க்கணுமா..." என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு என்டர் தட்டுகிறார். மாதம் இருபதாம் தேதி நெருங்கும்போது மட்டும் இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கிறது.