கரண்டி முட்டை

1999 கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடர் ஆரம்பித்தது. அடுத்த தையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு சித்தி வந்தாள்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் குறைவு. தொடர் முடிந்ததும் பெண்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் கலைந்து போவார்கள். தொடரில் வரும் சாரதாவையும் காவேரியையும் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, எங்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரிந்தாக வேண்டும். "ஏட்டி, சாப்பிட்டியா? என்ன வச்சா?" என்று கேட்காத ஆளில்லை. அம்மா மஞ்சக்காமாலையில் போன பிறகு அப்பாவும் நானும் ஓட்டல் இட்லியில் காலம் தள்ளியபோது, இதே தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை. 1966இல் வந்த பத்மினியின் 'சித்தி' படத்தைப் பார்த்திருந்த ஆச்சி மட்டும், "வந்தவளை விடுங்கடி, பிழைச்சுப் போகட்டும்" என்பாள்.

சித்தியோடு அவள் மகனும் வந்தான். நாலு வயசு. லாரியில் கிளீனராக இருந்த அவன் அப்பா விபத்தில் இறந்திருந்தார். என் அப்பாவை அவன் "மாமா" என்றான்.

தீப்பெட்டி ஆபீஸில் அப்பாவுக்குக் கணக்கெழுதும் வேலை. சித்தி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். கூலி வரும் நாளில் முட்டை வாங்குவாள். அடுப்பில் இரும்புக் கரண்டியைக் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு அடித்த முட்டையை ஊற்றினால், ஓரம் சிவந்து பந்துபோல் உப்பி வரும். அதை என் தட்டில் முழுசாகப் போட்டு, என்னை வாசல் நடையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வாள். தெரு பார்க்கும். தம்பி அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரசம் சோறு தின்பான். கரண்டியில் ஒட்டியிருந்த தூளை வழித்து அவன் தட்டில் தட்டுவாள், அவ்வளவுதான்.

தலை சீவிவிடுவதும் நடையில்தான். சிக்கு எடுக்கும்போது நான் "ஸ்" என்றால்கூடக் கை நின்றுவிடும். ஒருநாள் நாங்கள் ரெண்டு பேரும் ஓடிப் பிடித்து விளையாடி, பசைச் சட்டி கவிழ்ந்து, ஒட்டிவைத்த பெட்டியெல்லாம் நாசமானது. அடி அவனுக்கு மட்டும். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சித்தி என்று தெரு சொன்னதற்கான விலையை என் தம்பிதான் கொடுத்தான். கொடுமைக்கார மாற்றாந்தாயைப் பற்றி எத்தனையோ கதை உண்டு. இப்படித் தின்னாமல் நின்ற பிள்ளையைப் பற்றி யார் கதை கட்டினார்கள்?

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வேறொன்று முளைத்தது. பிறப்புச் சான்றிதழில் இருந்த இனிஷியலைத்தான் பதிவேட்டில் எழுதினார்கள். "அக்கா தம்பிங்கிறீங்க, இனிஷியல் ஏன் வேற?" என்று பிள்ளைகள் துளைத்தார்கள். அவன் கொஞ்சநாள் இனிஷியலே போடாமல் நோட்டில் பேரை எழுதினான். "மாமா" எப்போது "அப்பா" ஆனது என்று எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசு கேட்கும்போது "அப்பா" என்றான், அப்பாவும் ஒன்றும் கேட்காத மாதிரி எடுத்துக் கொடுத்தார் என்று சித்தி சொல்வாள்.

சட்டம் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவியோடு வந்த மகன் வாரிசாக மாட்டான். அப்பாவுக்கு இதை ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கையோடு, தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டை எங்கள் ரெண்டு பேருக்கும் சரிபாதியாக உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி வந்த பிள்ளை இருந்தால் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.