வேலிக்குள் நிற்கும் கம்பம்

அன்னூர் சாலைப் பக்கம் ஐந்து சென்ட் இடத்தில் ஒரு தரைத்தள வீடு. வாங்க வந்தவர்கள் கணவன் மனைவி. மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். வீடு இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டாயிற்று, பட்டா விற்பவர் பேரில் இருக்கிறது, வக்கீலும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் கட்டடத்துக்குள் நுழையவே அரை மணி நேரம் ஆனது. கேட்டை ஒட்டி, காம்பவுண்டுச் சுவருக்கு உள்பக்கம், ஒரு மின்கம்பம் நின்றது. அதன் தலையிலிருந்து சாய்வாக இறங்கிய ஸ்டே கம்பி, அவர்கள் கார் நிறுத்த நினைத்திருந்த இடத்தின் நடுவில் மண்ணுக்குள் போனது.

கோவைப் பக்கம் முப்பது வருடமாகச் சிவில் என்ஜினீயராக இருக்கிறேன். வீடு வாங்குகிறவர்கள் சுவர் வெடிப்பைத் தடவிப் பார்ப்பார்கள், போர் தண்ணீரை வாயில் ஊற்றி உப்பா என்று பார்ப்பார்கள். கம்பத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. தெருவின் சாமான்தானே என்று கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. காகிதமும் காட்டிக்கொடுக்காது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே சொல்லும். கம்பம் நட யாரும் பத்திரம் எழுதுவதில்லை. தெருவுக்கு லைன் வருகிறது, இந்த மூலையில் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டிருப்பார். போட்டுக்கோங்க என்று ஒருவர் சொல்லியிருப்பார். அந்தச் சொல் நிலத்தோடு சேர்ந்து கைமாறிக்கொண்டே வரும். வீட்டை வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

சுவருக்குள் கம்பத்தைப் பார்த்ததும் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கம்பம் உள்ளே வந்ததா, சுவர் வெளியே போனதா? வழக்கமாகக் கம்பத்தைத் தெருவோரத்தில்தான் நடுவார்கள். பிறகு சுவர் எழுப்புகிறவர் அதையும் வளைத்துக்கொண்டு கட்டியிருந்தால், கம்பத்தடி மண் அவருடையதே அல்ல, தெருவுடையது. அந்த இரண்டடிக்கும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் விலை பேசியிருப்பார்கள். இப்படிச் சில வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, எல்லைக்கல் இருக்கும் மூலையிலிருந்து டேப்பைப் பிடித்து அளந்தேன். இங்கே சுவர் சரியான இடத்தில் இருந்தது. கம்பம்தான் உள்ளே இருந்தது. அப்படியானால் யாரோ இடம் விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரப் பாட்டி மோர் கொண்டுவந்தார். கேட்டேன்.

“எங்க வீட்டுக்காரருதானுங்க உட்டாரு. அப்ப இந்த வீதியில லைட்டே இல்லீங்க. ஆரு வாசல்லயும் கம்பம் போட ஒத்துக்கல. சரி, நம்ம மூலையில போட்டுக்கட்டும்னுட்டாரு. எழுத்து கிழுத்து ஒண்ணுமில்லீங்க சாமி.”

ஒரு வீதிக்கே வெளிச்சம் வரட்டும் என்று தன் மூலையைக் கொடுத்த மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்குகிறவர்களுக்கு அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும்.

கம்பம் நின்றுவிட்டால் இடம் மின்வாரியத்துக்குப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தனியார் நிலத்தில் கம்பம் நட அதிகாரம் கொடுத்தபோதே, கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் என்று பத்தாம் பிரிவில் எழுதிவைத்தது. அந்த அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கும் அரசு கொடுக்கலாம் என்கிறது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு. அது இல்லாத இடங்களுக்கு 2006ஆம் ஆண்டு விதிகள் உண்டு. அவற்றின்படி நிலத்துக்காரரின் முன்சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட ஆட்சியரின் எழுத்து அனுமதி வேண்டும். பிற்பாடு நிலத்துக்காரர் தக்க காரணம் காட்டினால், கம்பத்தையோ ஸ்டேயையோ அகற்றவோ மாற்றவோ ஆட்சியர் உத்தரவிடலாம் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. கம்பத்தை ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கும், என் இடம், நாளைக்கே பிடுங்கிவிடுவேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதை விளக்கி அலுத்ததில்லை. நடைமுறையில் பெரும்பாலும் ஆட்சியர்வரை போக வேண்டியதில்லை. மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் எஸ்டிமேட் போடுவார்கள். மாற்றக் கேட்பவர் பணம் கட்ட வேண்டும். பணத்தைவிடப் பெரிய சிக்கல், இங்கிருந்து பெயர்க்கும் கம்பத்தை யார் வாசலில் நடுவது என்பது.

கம்பத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது கம்பி. வீட்டுக்கு வரும் சாதாரண லைன், அதாவது 650 வோல்ட்டுக்கு உட்பட்டது, கட்டடத்தின் உச்சிக்கு மேலே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் என்றால் மேலே 3.7, பக்கத்தில் 1.2. 33 ஆயிரம் என்றால் பக்கத்தில் 2 மீட்டர். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலும் 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளிலும் இதே எண்கள்தான் இருந்தன. இந்த எண்கள் மனப்பாடமாக இருந்தும் நான் ஒருமுறை தவறினேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாடி வீடு. மார்கழிக் காலையில் போய்ப் பார்த்தேன். பால்கனிக்கு வெளியே 11 ஆயிரம் வோல்ட் லைன். அளந்தேன், 1.3 மீட்டர் வந்தது. விதிக்கு மேல் நான்கு அங்குலம் இருக்கிறது, வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கியது. கம்பி ஊஞ்சல் மாதிரி பால்கனியை நோக்கி வந்து வந்து போனது. பக்கவாட்டு அளவைக் காற்றில் கம்பி அதிகபட்சம் ஒதுங்கும் இடத்திலிருந்தும், மேல் அளவை அது முழுதாகத் தொய்ந்த நிலையிலிருந்தும் எடுக்க வேண்டும். விதியில் அப்படித்தான் இருக்கிறது. படித்தும் இருந்தேன். அன்றைக்கு அசையாமல் நின்ற கம்பியை நம்பிவிட்டேன். அந்த வீட்டில் நடை பழகும் குழந்தை ஒன்று இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால்கனிக் கதவைப் பூட்டி, பிறகு செங்கல் வைத்து அடைத்தார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லியும் அந்தச் செலவை நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பியையும் ஆடியில் எப்படி ஆடும் என்று எண்ணிப் பார்க்காமல் நான் அளந்ததில்லை.

அன்னூர் வீட்டுக்குப் போனது சித்திரை முதல் வாரம். கம்பி பார்க்க எனக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அந்த நாட்களில் பகல் 12.20 வாக்கில் கோவையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; கம்பியின் நிழல் அதற்கு நேர் கீழே விழும். வெயிலில் கம்பி நன்றாகத் தொய்ந்தும் இருக்கும். மொட்டைமாடியில் நிழல் மேலேயே சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டேன். மற்ற மாதங்களில் தூக்குக்குண்டைக் கையில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறிப்பேன். உடன் வருகிறவர்கள் ஆர்வத்தில் கழியையோ டேப்பையோ கம்பியை நோக்கி நீட்டுவார்கள். அந்தக் கையைப் பிடித்து இறக்குவதுதான் மாடியில் என் முதல் வேலை.

சாக்கட்டிக் கோடு வீட்டின் பின்பாதியில் விழுந்திருந்தது. பின்வீதி வீடுகளுக்குப் போகும் லைன். எட்டத்தில் நின்று கோணம் பார்த்துக் கணக்குப் போட்டதில், தளத்துக்கும் கம்பிக்கும் இடையே 2.6 மீட்டர். இன்றைக்கு விதிப்படி சரி. ஆனால் பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்ற கணக்கில்தான் அவர்கள் இந்த விலைக்கே சம்மதித்திருந்தார்கள். மேல்தளம் பத்தடி உயரம் எழுந்தால் கம்பி அறைக்குள்தான் ஓடும். இதைச் சொன்னபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏனுங்க, இத்தனை பேரு பார்த்தாங்க, ஒருத்தரும் மேல பார்க்கலியே” என்றார்.

எல்லா வீட்டுக்கும் இத்தனை நேரம் ஆவதில்லை. கூரையில் செல்போன் டவர் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்தால் போதும். வீடு கைமாறினாலும் அந்த ஒப்பந்தம் வாங்குகிறவரோடு தொடரும். 110 ஆயிரம் வோல்ட் டவர் லைன் என்றால் 22 மீட்டர் அகலப் பாதை, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் பதினொன்று. அதற்குள் வரும் மனையை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வேலியோரம் எரிவாயுக் குழாயின் எச்சரிக்கைக் கல்லைக் கண்டாலும் அப்படித்தான். 1962ஆம் ஆண்டின் சட்டப்படி குழாய் போகும் பட்டையில் பயிர் வைக்கலாம். வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது.

அன்னூர் வீட்டுக்கு அந்தப் பகுதி லைன்மேனை வரவழைத்தோம். வரைபடத்தில் இல்லாததெல்லாம் லைன்மேனுக்குத் தெரியும். பின்பக்க லைனை நகர்த்த வழியில்லை, நாலு வீடு இருண்டுவிடும் என்றார். ஸ்டேயை எடுத்துவிட்டுத் தெருப்பக்கம் முட்டுக்கம்பம் கொடுக்கலாம் என்றார். ஸ்டே என்பது கம்பிகளின் இழுப்புக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பது. முட்டு, இழுக்கும் பக்கத்திலேயே நின்று தாங்குவது. இங்கே இழுக்கும் பக்கம் தெருவோரம்தான் என்பதால் அது சாத்தியமானது.

நான் இரண்டு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஒன்றில், பக்கவாட்டு இடைவெளியும் ஆடிக் காற்றுக்கான ஒதுக்கமும் விட்டு, முன்பாதியில் மட்டும் எழும் மேல்தளம். இன்னொன்றில், ஸ்டே போனபின் கார் நிற்கும் இடம். பின்பாதி மாடிக்கான தொகையை விலையில் குறைத்துக்கொள்வது, ஸ்டே மாற்றும் மனுவைப் பாட்டியே உரிமையாளராகக் கொடுத்து, எஸ்டிமேட் பணத்தை வாங்குகிறவர்கள் கட்டி, வேலை முடிந்தபின் பத்திரம் பதிவது என்று அக்ரிமென்டில் எழுதினார்கள். கம்பம் நிற்கும் இடத்தையும் அளவோடு அதில் குறிக்கச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன் வாசலில் வாயால் சொன்னது முதல்முறையாக எழுத்துக்கு வந்தது.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில், கைநாட்டு வைத்த விரலைத் துடைத்துக்கொண்டே பாட்டி அந்த அம்மாவிடம் கேட்டார்: “கம்பி போச்சு, சரி. லைட்டு எரியுமுல்லீங்க?”

“கம்பம் அங்கயேதாங்க இருக்குது அம்மிச்சி. எரியும்.”