ரவுண்டானாவில் ஓரமாகப் போகாதீர்கள்

போன மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று பூச்சி, உரம், விதை எதைப் பற்றியும் இல்லை. 'எங்க ஊர் நாலு ரோடு முக்குல புதுசா ரவுண்டானா கட்டியிருக்காங்க. டிராக்டர்ல நெல்லு ஏத்திக்கிட்டுப் போறப்போ எந்தப் பக்கம் ஒதுங்கணும் சார்?' என்று ஒரு விவசாயி கேட்டிருந்தார். இது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஒதுக்கி வைத்துவிடலாம். ஆனால் 'ஒதுங்கணும்' என்று அவர் எழுதியிருந்த அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பகுதியில், நெல் கொள்முதல் நிலையத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போகிற வழிகள் சந்திக்கும் இடத்தில் சில வருடங்களுக்கு முன் ரவுண்டானா கட்ட முடிவானது. அதற்கு முன் கருத்துக் கேட்டுக் கூட்டம் போட்டார்கள். வேளாண்மைத் துறை சார்பில் நானும் போயிருந்தேன். 'அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிரெய்லர், கரும்பு டிரெய்லர், வைக்கோல் வண்டி எல்லாம் இந்த வழியாகத்தான் வரும். குறுகலாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகிற மாதிரி அகலமாகக் கட்டுங்கள்' என்று எழுந்து நின்று பேசினேன். பின்னால் உட்கார்ந்திருந்த விவசாயிகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

கட்டியும் முடித்தார்கள். நல்ல அகலம். நடுவில் உயரமாகக் கட்டை கட்டி, உள்ளே புல் வைத்து, விளக்குக் கம்பமும் நட்டார்கள்.

அடுத்த சம்பாவில், என்னிடம் பல வருடமாக விதை நெல் வாங்குகிற பெரியவர் ஒருவர், சங்கத்தில் யூரியா மூட்டை வாங்கி டிவிஎஸ் எக்ஸ்.எல்.லில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். 45 கிலோ மூட்டை. அவர் போக வேண்டியது வலதுபக்கச் சாலை. அதாவது ரவுண்டானாவில் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். வாழ்நாள் முழுக்க எப்படி ஓட்டினாரோ அப்படியே, இடது ஓரத்தை ஒட்டி மெதுவாகச் சுற்றினார். முதல் சாலையின் வாயைத் தாண்டினார். இரண்டாவது சாலையின் வாயைக் கடக்கும்போது, உள்வட்டத்தில் அவருக்கு இணையாக வந்த ஒரு கார் நேராகப் போவதற்காக இடதுபக்கம் திரும்பி வெளியேறியது. பெரியவர் நேர் குறுக்கே இருந்தார்.

வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நாற்றங்கால் தயாராக இருந்த நேரம் அது. சி.ஆர்.1009 விட்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து நாளில் பறித்து நட வேண்டிய நாற்று, ஆள் பிடிக்க முடியாமல் 45 நாளைத் தாண்டிவிட்டது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம், 'நான் ஓரமாத்தான் சார் வந்தேன். ஓரமாத்தான் வந்தேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வீட்டு அம்மா பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார்கள்.

கார்க்காரர் மேல் எனக்கும் கோபம்தான். அவர் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு எனக்கு உறுத்தியது வேறு. பக்கத்தில் இன்னொரு வண்டி வருவதற்கு அங்கே இடம் இருந்ததால்தானே இது நடந்தது? அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

என் மகள் சிவில் இன்ஜினீயரிங் படித்தவள். அவளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் ஒரு தாளை எடுத்து இரண்டு சாலைகள் குறுக்காக வெட்டுகிற சாதாரண நாலு ரோடு படத்தைப் போட்டாள். எல்லா திசையிலிருந்தும் எல்லா திசைக்கும் போகிற வழிகளைக் கோடு கோடாக இழுத்து, கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் புள்ளி வைத்தாள். 32 புள்ளிகள். ஒவ்வொன்றும் இரண்டு வண்டி முட்டிக்கொள்ளக்கூடிய இடம். பிறகு ஒரே தடம் உள்ள ரவுண்டானாவை வரைந்தாள். எட்டே புள்ளிகள். நுழைகிற இடத்தில் நாலு, வெளியேறுகிற இடத்தில் நாலு. நேருக்கு நேர் மோதவோ, குறுக்கே வந்து நடுவயிற்றில் இடிக்கவோ வழி இல்லை. அடுத்து இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவை வரைந்தாள். உள்தடத்திலிருந்து வெளியேறுகிற கோடு, வெளித்தடத்தில் சுற்றுகிற கோட்டை வெட்டியது. பெரியவர் கிடந்த இடம் அந்தப் புள்ளிதான்.

அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றி ஆராய்ந்ததில், மொத்த விபத்துகள் 40 சதவிகிதத்துக்குப் பக்கத்திலும், காயம் ஏற்படுத்துகிற விபத்துகள் முக்கால் பங்கும் குறைந்திருக்கின்றன. ஒற்றைத் தடமாக மாற்றிய இடங்களில்தான் பலன் கூடுதல். இரட்டைத் தடம் போட்ட சில ஊர்களில் பெரிய விபத்துகள் குறைந்தாலும் உரசல், இடிப்பு கூடியிருக்கிறது. காரணம் லேசானது. ஒற்றைத் தடத்தில் வளைவு நெருக்கமாக இருப்பதால் யாராலும் வேகமாக ஓட்ட முடியாது. மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதைவிட முக்கியம், பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான்.

'அப்போ டிராக்டர் டிரெய்லர் எப்படிம்மா திரும்பும்?' என்று கேட்டேன். 'அப்பா, உங்களுக்கு வேண்டியது அகலம். இன்னொரு தடம் இல்ல' என்றாள். வெளிநாடுகளில் ஒற்றைத் தட ரவுண்டானாவின் நடுத்திட்டைச் சுற்றி, சாலையைவிடச் சற்றே உயரமாக, கெட்டியாக ஒரு வளையம் போடுகிறார்கள். கார்கள் அதன் மேல் ஏறுவதில்லை, குலுக்கும். நீள வண்டிகளின் பின்சக்கரம் மட்டும் அதில் ஏறி இறங்கிப் போகும். நான் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். என் கவலை சரி, கேட்ட மருந்து தப்பு. பயிரில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு வேறு மருந்து அடித்த கதை. என் தொழிலில் அதற்கு மன்னிப்பு கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தடம் எல்லா இடத்துக்கும் ஆகாது. நாளுக்கு 25,000 வண்டிகள் வரை அது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போகிற நகரத்துச் சந்திப்பில் வரிசை நீளும். நம் சந்தை ஊர்கள், ஒன்றியத் தலைநகர்கள் பலவற்றுக்கு அதுவே தாராளம் என்பது என் எண்ணம்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். எந்தப் பக்கம் ஒதுங்குவது? ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

நேரான சாலையில் ஓரமாகப் போவது சரி. பின்னால் வருகிறவன் தாண்டிப் போய்விடுவான். ரவுண்டானாவில் ஓரம் என்பது ஓரம் இல்லை. அது ஒவ்வொரு சாலையின் வாய்க்கும் குறுக்கே போகிற வழி. எக்ஸ்.எல்., ஸ்கூட்டர், சைக்கிள் எதுவானாலும், ஒற்றைத் தட ரவுண்டானாவில் தடத்தின் நட்ட நடுவில் ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். இரண்டு தடமாக இருந்தால், வலதுபக்கச் சாலைக்குப் போகிறவர்கள் நுழைவதற்கு முன்பே உள்தடத்தைப் பிடிக்க வேண்டும். உங்கள் சாலைக்கு முந்தின வாயைத் தாண்டிய பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு, திரும்பிப் பார்த்து, வெளியேற வேண்டும். நுழைந்த பிறகு தடம் மாறக் கூடாது. மூட்டையோடு இதெல்லாம் முடியாது என்று தோன்றினால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு, நடந்து போகிறவர்கள் கடக்கும் இடத்தில் கடந்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானே செய்திருக்கிறேன்.

யார் முதலில் போவது என்பதில்தான் நம் ஊரில் பாதிச் சண்டை. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறவருக்கே முன்னுரிமை. நுழைகிறவர் வலதுபக்கம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2017-ல் வந்த வாகனம் ஓட்டுதல் விதிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. இங்கிலாந்தில் 1966 வரை இந்த விதி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து, யாரும் வெளியே வர முடியாமல் வட்டம் பூட்டிக்கொள்ளுமாம். வலதுபக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று அந்த வருடம் விதி போட்ட பிறகுதான் அங்கே ரவுண்டானா ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. வடிகால் அடைபட்டிருக்கும்போது மடையைத் திறந்துவிட்டால் வயல் என்ன ஆகும்? அதேதான்.

டிராக்டர்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டிரெய்லரின் பின்சக்கரம் ஒருபோதும் முன்சக்கரம் போன வழியில் போகாது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ரவுண்டானாவில் இது மூன்று முறை நடக்கிறது. நுழையும்போது இடதுபக்கம் வெட்டும். சுற்றும்போது வலதுபக்கம், நடுத்திட்டை நோக்கி வெட்டும். வெளியேறும்போது மறுபடி இடதுபக்கம். இந்த மூன்று இடத்திலும் டிரெய்லர் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் இருந்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் இரண்டு தடம் இருந்தாலும் இரண்டையும் அடைத்துக்கொண்டு நடுவில் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். திட்டுவார்கள். பக்கத்தில் ஆள் நுழைய முடியாது. இரு சக்கரத்தில் வருகிறவர்கள் டிரெய்லரைக் கண்டால் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

பிரேக் விஷயம். வயலில் சட்டென்று திரும்புவதற்காக டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல் என்று தனித்தனியாக இருக்கிறது. ரோட்டுக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்ட வேண்டும். உழவு முடிந்து அப்படியே சாலைக்கு வருகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வளைவில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால், பின்னால் சுமையோடு இருக்கும் டிரெய்லர் தள்ள, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வைக்கோலோ கரும்போ உயரமாக ஏற்றியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் சுமையை வெளிப்பக்கம் சாய்க்கிற விசை நாலு மடங்காகும். டிரெய்லரை இணைக்கும் கம்பியில் ஆள் உட்கார வைத்துக்கொண்டு போவதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதுவேன்.

எங்கள் ரவுண்டானாவில் இப்போது போலீசார் இரும்புத் தடுப்புகளை வைத்து வெளித்தடத்தை அடைத்திருக்கிறார்கள். ஒற்றைத் தடமாகத்தான் ஓடுகிறது. கொள்முதல் நேரத்தில் வரிசை நீளமாகிறது. டிரெய்லரின் பின்சக்கரம் நடுத்திட்டுக் கட்டையில் உரசுகிறது, ஒருமுறை மூட்டை சரிந்தது. அதனால் தடுப்பை எடுத்துவிட வேண்டும் என்று மனு போயிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் அன்று எனக்குக் கைதட்டியவர்களும் உண்டு. அடுத்த மாதம் மறுபடி கூட்டம். தடுப்பை எடுக்காதீர்கள், உயரக் கட்டையை இடித்துவிட்டு அந்த இடத்தில் சக்கரம் ஏறுகிற வளையத்தைப் போடுங்கள் என்று பேசப்போகிறேன். மகள் வரைந்த படத்தைப் பெரிதாக ஒரு அட்டையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு முறை ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாரே என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரியவர் இப்போது லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறார். எக்ஸ்.எல்.லை விடவில்லை. போன வாரம் அவருக்குப் பின்னால் ஜீப்பில் வந்தேன். ரவுண்டானாவின் நடுத்தடத்தில், மூட்டையோடு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எங்கள் டிரைவருக்கும் பொறுக்கவில்லை, கை ஹாரனுக்குப் போனது. 'அடிக்காதப்பா, அவர் போகட்டும்' என்றேன்.