அவையில் ஓர் இடம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். கால்வாய்கள் நிரப்பும் குளங்கள். இங்கே நீரைப் பகிர்ந்தால்தான் நெல் விளையும். கூடிப் பேசினால்தான் நீரைப் பகிர முடியும்.

கூடிப் பேசுவதற்கு நம் முன்னோர் வகுத்த விதிகள் மானூரில் கல்லெழுத்தாக உள்ளன. திருநெல்வேலிக்கு வடக்கே, தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் நீரைப் பெறும் பெரியகுளம் அமைந்த ஊர் அது. உள்ளாட்சிப் பாடத்தில் உத்திரமேரூரையே எடுத்துக்காட்டி வந்த நான், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட மானூர்க் கல்வெட்டைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த அது, கி.பி. 800-ஐ ஒட்டியது. நிலப்பங்கு உடையோருள் நல்லொழுக்கமும் நூற்கல்வியும் உள்ளவரே அவையில் அமரலாம் என்கிறது. முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் மறுத்து அவையை முடக்கக் கூடாது. மீறுவோரும் அவருக்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது.

இதை வகுப்பில் பெருமிதத்தோடு விளக்கியபோது ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, அந்த அவையில் எங்கள் வீட்டார் அமர்ந்திருக்க முடியுமா?”

ஒரு கணம் தயங்கினேன். பின், “முடியாது” என்றேன். அது அந்தண நிலவுடைமையாளரின் அவை. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. உண்மையை மறைத்துப் பெறும் பெருமை நிலைக்காது.

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அந்த வாயிலைத் திறந்தன. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் இன்று கிராம சபையின் உறுப்பினர்கள். நிலமோ பட்டமோ அதற்குத் தகுதியன்று.

அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று, எங்கள் ஊர்க் கிராம சபைக்கு அம்மாணவி தன் தாயுடன் வந்திருந்தாள். வயல்வேலை செய்யும் அத்தாய் எழுந்து, குளத்துக்கு நீர் வரும் கால்வாய் தூர்ந்து கிடப்பதைச் சொன்னார். “செலவுக்கு வழியில்லை” என்றது ஒரு குரல். அவர் அமரவில்லை, எந்த மடை தொடங்கி எதுவரை அடைபட்டுள்ளது என எண்ணிச் சொன்னார். தூர்வாரும் தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. வருகைப் பதிவில் அவர் தம் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

மாணவர்களே, மானூரின் விதி நம் மரபு. அந்தக் கையெழுத்து நம் வளர்ச்சி. விரைவில் நீங்களும் வாக்காளர் ஆவீர்கள். உங்கள் ஊர் அவையில் உங்களுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.